ஓடைப் பூச்சிகள் ஏன் இடம் மாறுகின்றன? பசியும் நெரிசலும் மலையகத்து நீரும்

மழை விட்டு நாலைந்து நாளாகி, ஓடைத் தண்ணீர் தெளிந்து, அடியில் கிடக்கும் கற்களை எண்ணிவிடலாம் போல இருக்கும் ஒரு நாள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் பொடிக்கண் வலையொன்றை நீரோட்டத்துக்கு எதிரே கட்டிவைத்து, இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்துப் பாருங்கள். இலைத் துணுக்குக்கும் மணலுக்கும் நடுவே உயிருள்ள சின்னஞ்சிறு பூச்சிகள் நெளியும். வெள்ளம் வரவில்லை, யாரும் கல்லைப் புரட்டவும் இல்லை. ஆனாலும் அவை மேலேயிருந்து இறங்கி வந்திருக்கின்றன.

பிடி தவறி அடிபட்டு வந்தவை என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். சிலது அப்படித்தான். ஆனால் தெளிந்த நீரில், இரவில் வலைக்கு வருவதில் நல்ல பங்கு தானாகவே பிடியை விட்டுக் கிளம்பியவை. ஏன் கிளம்புகின்றன, இடம் போதாமலா, சாப்பாடு போதாமலா என்று ஆற்று உயிரியலாளர்கள் அறுபது எழுபது ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். தேயிலை மலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் கீழே ஓடுகிற நம் ஓடைகளைப் புரிந்துகொள்ள அந்த வாதம் நிறையவே உதவும்.

முதலில் கல்லடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பொகவந்தலாவைப் பக்கமோ அக்கரப்பத்தனைப் பக்கமோ, வேகமாக ஓடும் ஓடையில் தேங்காயளவு கல் ஒன்றைத் தூக்கித் திருப்பினால் முதலில் ஓடுவது மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவம். வாலில் இரண்டு அல்லது மூன்று இழைகள், வயிற்றின் இருபக்கமும் படபடக்கும் செவுள்கள். அப்புறம் மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழும் கேடிஸ் புழுக்கள். அவற்றில் ஒரு வகை நத்தையோடு என்றே ஏமாறும்படி கூட்டைச் சுருட்டிக் கட்டும். இன்னொரு வகை கூடு கட்டாமல் கற்களுக்கிடையே பட்டுநூல் வலை பின்னி, நீர் கொண்டுவருவதை வடித்துத் தின்னும். கல்லின் மேல்புறத்தில், நீர் மெல்லிய படலமாக வழுக்கி ஓடும் இடத்தில், கருஈயின் புழுக்கள் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். நண்டுகளைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கையில் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே வேறெங்கும் இல்லாதவை. 1970இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் ஃபெர்டினான்ட் ஷ்டார்முல்னரும் அன்றைய வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்தின் எச். எச். கொஸ்தாவும் இணைந்து நடத்திய ஆஸ்திரிய–இலங்கை நீருயிரியல் ஆய்வுப் பயணம், இந்த மலையோடைகளின் உயிர்களை முறையாகச் சேகரித்த பெரிய முயற்சிகளில் ஒன்று.

இவர்களில் பேடிட் குடும்பத்து மேஃப்ளை ஒன்றை மட்டும் கிட்டத்தில் கவனிப்போம், ஏனென்றால் உலகெங்கும் டிரிஃப்ட் ஆய்வுகளில் அதிகம் அடிபடும் பெயர் இந்தக் குடும்பத்தினுடையதுதான். ஓடும் நீரோடு உயிர்கள் கீழிறங்குவதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். ஒல்லியான உடம்பு, அரிசி மணியளவுகூட இராது. தலை பெரும்பாலும் நீர் வரும் திசையை நோக்கியே இருக்கும். கல்லை விரலால் தடவினால் வழுக்குகிறதே, அந்தப் பழுப்புப் படலம்தான் இதன் சோறு: டயற்றம் என்ற ஒற்றைக்கலப் பாசி, பக்டீரியா, பூஞ்சை எல்லாம் கலந்தது. அதை மேய்ந்துகொண்டே நகரும். படலம் தடிப்பாக இருக்கும் இடத்தில் நடை மெதுவாகும், அடிக்கடி திரும்பும். வெறுங்கல்லில் நேராக நடந்து கல்லின் விளிம்புக்குப் போய்விடும். அங்கும் ஒன்றும் இல்லையென்றால் கால்களைத் தளர்த்தி நீரில் எழும். வயிற்றை மேலும் கீழும் உதறி நீந்தும். ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்து சில மீற்றரிலோ, மிஞ்சிப்போனால் சில பத்து மீற்றரிலோ வேறொரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஒரே மூச்சில் மகாவலியில் போய் விழும் பயணம் இல்லை இது. எந்த ஒரு நொடியை எடுத்துக்கொண்டாலும் ஓடைப்படுக்கையில் உள்ள உயிர்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவைதான் நீரில் மிதந்துகொண்டிருக்கும். ஆனால் ஓடையின் ஓரிடத்தைக் கடந்து ஓர் இரவில் போகிறவற்றைக் கூட்டினால் கணக்கு ஆயிரங்களுக்குப் போகலாம்.

இங்கே பழைய புதிர் ஒன்று தலைகாட்டும். எல்லாம் கீழேயே போய்க்கொண்டிருந்தால் ஊற்றுக்கண் பக்கம் எப்படி இன்னும் பூச்சி மிச்சமிருக்கிறது? வட சுவீடனின் ஓடைகளில் வேலை செய்த கார்ல் முல்லர் 1954இல் ஒரு விடை சொன்னார். இறக்கை முளைத்த பெண் பூச்சிகள் மேல்நோக்கிப் பறந்து முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் மேலே நெருக்கியடிக்கும். நெரிசல் தாங்காமல் கீழே இறங்கிப் பரவும். வளர்ந்ததும் மறுபடி மேலே பறக்கும். அழகான சுற்று. அலாஸ்காவின் குபாருக் ஆற்றில் ஆன் ஹெர்ஷியும் சகாக்களும் நைதரசனின் கனத்த வடிவமொன்றை அடையாளமாக நீரில் கலந்து பார்த்தார்கள். 1993இல் வெளியான அந்த ஆய்வின்படி, பேடிட் குடும்பத்துப் பேடிஸ் என்ற பூச்சிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏறத்தாழ 1.6 முதல் 1.9 கிலோமீற்றர் மேல்நோக்கிப் பறந்திருந்தன. ஆக, பறப்பது உண்மை.

ஆனால் பறந்துதான் தீரவேண்டும் என்றில்லை. பிராட்லி அன்ஹோல்ட் 1995இல் கணித மாதிரி ஒன்றை வைத்துக் காட்டியது இதைத்தான்: மேலே இருப்பவற்றில் பல கிளம்பிப் போனதும், மிஞ்சியவற்றுக்கு இடமும் உணவும் தாராளமாகக் கிடைக்கின்றன; அவற்றில் பிழைப்பவை கூடுகின்றன. போனவற்றின் இழப்பு இப்படியே சரிக்கட்டப்படுகிறது. நெரிசல் இல்லாத இடத்தில் பிழைப்பு சுலபம் என்ற ஒரே விதி போதும், புதிரின் பாரம் பாதி இறங்கிவிடும். எனக்கு முல்லரின் சுற்றைவிட இதுதான் நம்பும்படியாக இருக்கிறது. காற்றுக்கு எதிராகப் பறக்கத் தெரியாத பூச்சிகளும் ஊற்றுக்கண்ணில் இருக்கத்தானே செய்கின்றன.

சரி, கிளப்பிவிடுவது எது? அமெரிக்கரான தொமஸ் வோட்டர்ஸ் 1960களில் வைத்த கருத்து நெடுநாள் கோலோச்சியது. ஓடைப்படுக்கைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அதை மீறிப் பெருகும் உபரிதான் நீரில் மிதந்து போகிறது என்றார். அப்படியென்றால் டிரிஃப்ட் என்பது நெரிசலின் அளவுகோல். இதைச் சோதிப்பது சுலபம் போலத் தெரியும், ஆனால் கணக்கில் ஒரு பொறி உண்டு. ஒரு கற்படுக்கையில் ஆயிரம் இருக்கும்போது பத்து கிளம்புகின்றன என்று வையுங்கள். இரண்டாயிரம் இருக்கும்போது இருபது கிளம்பினால் நெரிசலுக்கு அதில் பங்கே இல்லை. ஆள் இரட்டித்தார்கள், பயணியும் இரட்டித்தார்கள், அவ்வளவுதான். நாற்பது கிளம்பினால்தான் ‘நெருக்கம் துரத்துகிறது’ என்று சொல்ல முடியும். வலையில் நிறைய விழுந்தது என்பதை மட்டும் வைத்து நெரிசல் என்று முடிவுகட்டிய பழைய அறிக்கைகள் பல இந்தப் பொறியில் விழுந்தவை. இருப்பவற்றில் எத்தனை வீதம் கிளம்புகிறது என்று பார்த்தபோது பல இனங்களில் அந்த வீதம் பெரிதாக மாறவில்லை. சிலவற்றில் மாறியது.

இன்னும் ஒரு சிக்கல். கோடையில் லயத்துப் பீலியில் வரிசை நீண்டுவிட்டால் சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பீலிக்குப் போய்விடுவார்கள். கூட்டத்துக்காகப் போனார்களா, தண்ணீர் நூலாக வடிந்ததற்காகப் போனார்களா? பீலியில் தண்ணீர் கொட்டினால் இதே கூட்டம் பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். ஓடையிலும் நெரிசலும் பசியும் இப்படித்தான் பின்னிக்கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மாற்ற வேண்டும்.

அதைச் செயற்கை ஓடைகளில் செய்தார்கள். ஒரே எண்ணிக்கைப் பூச்சிகள், ஒரே ஓட்டம், கல்லில் பாசி மட்டும் கூடக் குறைய. ஸ்டீவன் கோலர் பேடிஸ் இனமொன்றில் செய்து 1985இல் வெளியிட்ட சோதனைகளில், உணவு குறைந்த இடத்தில் கிளம்புவது தெளிவாகக் கூடியது. அவர் சொன்ன முக்கியமான விஷயம், இந்தக் கிளம்பல் பிடி நழுவுவது இல்லை, தேடலின் ஒரு முறை என்பது. நடந்து தேடுவதைவிட மிதந்து தேடுவது மலிவு. ஓட்டம் இலவசமாகத் தூக்கிக்கொண்டு போகிறது. குபாருக் ஆற்றிலும் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 1983 முதல் அங்கே ஆராய்ச்சிக்காகப் பொஸ்பரஸ் சேர்த்தபோது கற்களில் பாசி பெருகியது; அந்தப் பகுதியில் பேடிஸ் கிளம்பிப் போவதும் தணிந்தது.

நெரிசல் பெரும்பாலும் பசி வழியாகவே வேலை செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று கொஞ்சம் வித்தியாசமானது. வட அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஓடைகளில் குளோசோசோமா என்ற கேடிஸ் புழு கற்களை மொட்டையடித்து வைத்திருந்தது. கனமான கல்கூட்டைச் சுமந்துகொண்டு மெதுவாகவே நகரும், ஆனால் மேய்ந்தால் மிச்சம் வைக்காது. பிறகு ஒரு நுண்ணுயிர் நோய் வந்து அந்த இனத்தைப் பல ஓடைகளில் ஒருசேர வீழ்த்தியது. கோலரும் மைக்கேல் வைலியும் 1997இல் எழுதியபடி, அதன் பின் கற்களில் பாசிப் படலம் தடித்தது. பாசி தின்னும் மற்ற பூச்சிகளும், வடித்துத் தின்னும் பூச்சிகளும்கூட எண்ணிக்கையில் ஏறின. யாரும் திட்டமிடாத சோதனை. ஒரு பேராசைக்காரன் போனதும் ஊரே சாப்பிட்டது.

எல்லாருக்கும் இதே கதை பொருந்தாது. வலை பின்னும் கேடிஸுக்கும் கருஈப் புழுவுக்கும் உணவு கல்லில் இல்லை, ஓடுகிற நீரில் இருக்கிறது. நீர் வேகமாக, ஒரே சீராக வழியும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடத்தைப் பிடிப்பதுதான் சோற்றைப் பிடிப்பது. அதனால் இவை சண்டைக்காரர்கள். கருஈப் புழுக்கள் பக்கத்தில் வந்து ஒட்டுகிறவற்றைக் கடித்துத் துரத்தும். வலைக் கேடிஸ் தலையின் அடிப்பக்கத்தை முன்காலால் உரசி ஒலியெழுப்பி, வந்தவனை விரட்டப் பார்க்கும். இவற்றிடம் நெரிசல் நேரடியாகவே வேலை செய்கிறது. தோற்றது மிதந்து போகும்.

பயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பகலில் நீரில் மிதந்தால் மீன் பார்த்துவிடும். அதனால்தான் உலகின் பெரும்பாலான மீனுள்ள ஓடைகளில் டிரிஃப்ட் பொழுது சாய்ந்ததும் சட்டென்று ஏறி, விடியும்போது அடங்குகிறது. உருவில் பெரியவை இந்த விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும், ஏனென்றால் அவைதான் மீனின் கண்ணில் படும். நிலவொளியும் கிளம்புவதைக் குறைக்கும். போயா இரவில் வலை கட்டுகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அலெக்சாண்டர் ஃப்ளெக்கர் 1992இல் ஆண்டிஸ் மலையோடைகள் பலவற்றை ஒப்பிட்டுக் காட்டினார்: மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும் மீன்கள் உள்ள ஓடைகளில் இரவுப் பழக்கம் பலமாக இருந்தது, அப்படிப்பட்ட மீன் இல்லாத உயர்ந்த ஓடைகளில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் படிக்கும்போது ஹோர்ட்டன் சமவெளி நினைவுக்கு வராமல் போகாது. ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்து அந்தக் குளிர்ந்த ஓடைகளில் இன்று நீந்துவது வெள்ளைக்காரர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்த ரெயின்போ ட்ரௌட். 1880களில் முதலில் பிரவுன் ட்ரௌட் முட்டைகள் நுவரெலியாவுக்கு வந்தன. நிலைத்தது பின்னால் வந்த ரெயின்போதான். ட்ரௌட் என்பது நீரில் மிதந்து வருவதை ஒரே இடத்தில் நின்று கவ்வுவதில் கெட்டிக்கார மீன். அப்படியொரு காவலாளி ஓடைக்குள் வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. பசித்த பூச்சிக்கு அங்கே இரண்டு கணக்கு: இங்கேயே இருந்தால் வயிறு காயும், கிளம்பினால் வாயில் விழலாம். ஃப்ளெக்கரின் தர்க்கப்படி பார்த்தால், அந்த ஓடைகளின் இரவுப் பயணம் ஓரளவுக்காவது மீன் வந்த பிறகு படிந்த பழக்கமாக இருக்கலாம்.

தோட்டங்களுக்கு இறங்கி வருவோம். இங்கே ஓடைப் பூச்சியின் சோற்றுத் தட்டைத் தீர்மானிப்பவை நிழல், மண், உரம், மழை.

காட்டு ஓடையில் மரக்கிளை மூடியிருக்கும். வெளிச்சம் குறைவு, கல்லில் பாசியும் மெல்லியது, ஆனால் இலைச்சருகு தாராளம். நண்டும் இறாலும் சருகைக் கிழிக்கும், நொறுங்கியதை மற்றவை தின்னும். கரையை வெட்டித் தேயிலை வைத்த இடத்தில் வெயில் நேராக விழும், பாசி கூடும். பேடிட் வகைக்கு இது விருந்து என்று தோன்றும். இருந்தால் நல்லதுதான், ஆனால் அதே மலையிலிருந்து மண்ணும் வருகிறது.

மண்தான் எல்லாவற்றிலும் மோசம் என்பது என் அபிப்பிராயம். மீள்நடுகைக்காகச் செடி பிடுங்கிய மலையிலிருந்தும், கந்தப்பளைப் பக்கத்துச் செங்குத்தான கரட், லீக்ஸ் பாத்திகளிலிருந்தும் ஒரு நல்ல மழையில் இறங்கும் சேறு, தோட்டத்துக் கான்கள் வழியே நேராக ஓடைக்கு வரும். மழை ஓய்ந்து இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்துவிடும். பார்ப்பவருக்கு ஓடை பழையபடி ஆகிவிட்டது. கல்லைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். விரலில் வழுக்கல் இருக்காது, மாவாக ஒட்டும். பாசிப் படலத்தின் மேல் நுண்மண் படிந்து, மேய்கிற பூச்சிக்கு ஒவ்வொரு வாயிலும் பாதி மண். கல்லிடுக்குகள் அடைபட்டுப்போவதால் ஒளிய இடமும் சுருங்குகிறது. அதாவது பசியும் நெரிசலும் ஒரே நாளில் சேர்ந்து வருகின்றன. இப்படி மண் படிந்த படுக்கையிலிருந்து பூச்சிகள் கிளம்புவது கூடும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இந்தக் கிளம்பலில் யாரும் சாவதில்லை, நாற்றமில்லை, மீன் செத்து மிதக்காது. அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

உரம் வேறு மாதிரி. கொஞ்சம் நைதரசனும் பொஸ்பரசும் படலத்தைத் தடிக்க வைக்கும், மேய்கிறவை தங்கும். அளவு மீறினால் டயற்றம் போய் நூல்நூலான பச்சைப் பாசி வந்து கல்லை மூடும். பார்க்கச் செழிப்பு, பல மேய்ச்சல் பூச்சிகளுக்குத் தின்னத் தோதில்லை. கோழி எருவும் சேர்ந்துவிட்டால் ஒட்சிசன் குறையும் இடங்களில் சிவப்புப் புழுக்களும் மண்புழு வகைகளும்தான் மிஞ்சும். 1946இல் கொப்புள நோய் வந்ததிலிருந்து தேயிலைக்கு அடிக்கும் செப்பு மருந்தும் இருக்கிறது. செம்பு பாசிக்கும் ஆகாது, மேஃப்ளைக்கும் ஆகாது. பூச்சிமருந்து நேரடியாக நீரில் கலந்தால் கதையே மாறிவிடும். அப்போது உயிர்கள் கூட்டங்கூட்டமாகப் பிடியை விடும். வோட்டர்ஸ் தன் வகைப்பாட்டில் அனர்த்த டிரிஃப்ட் என்று தனியாக வைத்தது வெள்ளம், வறட்சி, நஞ்சு போன்றவை துரத்தும் இந்த மாதிரி ஓட்டத்தைத்தான்.

தென்மேற்குப் பருவமழையின் வெள்ளமும் அதே கணக்கில் வரும். கற்கள் உருண்டு, படலம் உரிந்து, உயிர்கள் அடித்துக்கொண்டு போகப்படும். ஆனால் வெள்ளம் வடிந்தபின் நடப்பது கவனிக்கத்தக்கது. வெறுங்கல்லை மறுபடி நிரப்புவதில் மேலிருந்து மிதந்து வருபவைதான் பெரும்பங்கு என்று கனடாவில் டட்லி வில்லியம்ஸும் நோயல் ஹைன்ஸும் 1976இல் காட்டினார்கள். கீழிருந்து ஏறிவருபவை, படுக்கையின் ஆழத்திலிருந்து எழுபவை, பறந்துவந்து முட்டையிடுபவை எல்லாம் அடுத்த இடத்தில். தோட்டத்துக்கு மேலே காடு மிச்சமிருக்கும் ஓடை வெள்ளத்துக்குப் பின் சீக்கிரம் தேறுவதற்கு இது ஒரு காரணம். மேலே காட்டில் பெருகியவை கீழே வந்துகொண்டேயிருக்கும். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தோட்டத்து ஓடையில் மேஃப்ளை நிறைய இருக்கிறது என்று ஒருவர் எண்ணிக் காட்டினால், அவை அங்கே பிழைத்து வளர்ந்தவையா, நேற்றிரவு மேலிருந்து வந்து இறங்கியவையா என்று கேட்க வேண்டும். கல்லில் எண்ணுவது மட்டும் இதைச் சொல்லாது. பக்கத்தில் ஒரு வலை கட்டி, எத்தனை வருகின்றன, எத்தனை போகின்றன என்றும் பார்த்தால்தான் அந்த இடம் அவற்றைத் தங்கவைக்கிறதா, வெறுமனே கடத்திவிடுகிறதா என்று தெரியும்.

மின்சாரத்துக்காக ஓடையை மறிக்கும் சிறு நீர்மின் திட்டங்கள் மலையகத்தில் பெருகிய பிறகு இது ஏட்டுச்சுரைக்காய்க் கேள்வியாக இல்லை. அணைக்கு மேலே தேங்கும் நீரில் ஓட்டம் நின்றுவிடும். மிதந்து வந்த பூச்சி அங்கேயே அடியில் இறங்கிவிடும் அல்லது குழாய்க்குள் போகும். கீழே வறண்ட கற்படுக்கைக்கு மேலிருந்து ஆள் வராது. இருக்கும் கொஞ்ச நீரில் இடம் சுருங்கி, நெரிசல் கூடி, இருப்பவையும் கிளம்பப் பார்க்கும்.

2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவோட் மேல் கொத்மலைத் திட்டத்தில், தலவாக்கலை சென்கிளயர் அருவி வறண்டுபோகாமல் பகல் நேரத்தில் நீர் விட வேண்டும் என்பது நிபந்தனை. அருவிக்காகப் போராடியவர்களுக்கு அது ஒரு வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் அந்த நேர அட்டவணை பார்க்க வரும் மனிதரின் கண்ணுக்காகப் போட்டது. ஆற்றுப் பூச்சி இருட்டிய பின்தான் புறப்படுகிறது. நீர்மட்டம் திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் பசியில்லாததுகூடப் பிடியை விடும். புதிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் அறிக்கை எழுதும்போது கீழ்ப்பகுதிக்கு விட வேண்டிய நீரின் அளவோடு அதன் நேரத்தையும் குறிப்பிடலாம்: இருட்டிய முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் நீரை ஒரே மட்டத்தில் வைத்திருப்பது, கூட்டுவதையும் குறைப்பதையும் படிப்படியாகச் செய்வது. திட்டத்துக்கு முன்னும் பின்னும் இரவில் வலை கட்டி, அதே நாளில் கல்லிலிருந்து படலத்தைச் சுரண்டி எடை பார்ப்பதற்கு ஒரு வலையும் ஒரு பல்துலக்கியும் நல்லதொரு தராசும் போதும்.